காட்டுக் கிளிக்கு வைரஸ் குடல் நோய்: பிடிக்கும் நாளிலிருந்து விடுவிக்கும் நாள்வரை

கிளி தன் நோயைக் கடைசிவரை மறைக்கும். கூட்டத்தில் தளர்ந்து தெரியும் பறவைமீதுதான் வல்லூறின் கண் முதலில் விழும் என்பதால், உள்ளே குடல் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தாலும் வெளியே இரை பொறுக்குவதுபோலவே காட்டிக்கொள்ளும். ஆள் அருகில் போன பிறகும் பறக்காமல், இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு காட்டுக் கிளி தாழ்ந்த கிளையில் உட்கார்ந்திருக்கிறதா? அது நேற்று நோய்ப்பட்ட பறவையாக இருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் வாரக்கணக்கில் தாக்குப்பிடித்து, இனி முடியாது என்ற இடத்துக்கு வந்துவிட்ட பறவை.

பறவை மீட்புப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்காக இந்த வழிகாட்டி. கிளிகளின் குடலைத் தாக்கும் வைரஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு வேரோடு அறுக்கும் மருந்து கிடையாது. உங்கள் கையில் இருப்பவை மூன்று: சூடு, தனிமை, ஒழுங்கான பதிவு. இவற்றோடு ஒன்றை முதல் நாளிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு பறவையைப் பிழைக்கவைக்கும் அவசரத்தில், அதன் கூட்டத்துக்கோ மீட்பகத்தில் இருக்கும் மற்றக் கிளிகளுக்கோ நோயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தக் கவலையிலிருந்து வந்ததுதான்.

எந்தெந்த வைரஸ்கள்

முதலில் போர்னாவைரஸ். 1970-களின் இறுதியில் மக்காவ் கிளிகள் நன்றாகத் தின்றுகொண்டே எலும்பும் தோலுமாகிச் செத்தன. காரணம் தெரியாமல் அதை ‘மக்காவ் மெலிவு நோய்’ என்று அழைத்தார்கள். காரணம் ஒரு வைரஸ் என்று 2008-இல்தான் தெரிந்தது. இது குடலின் சுவரை நேரடியாக அரிப்பதில்லை. குடலை அசையவைக்கும் நரம்பு முடிச்சுகளில் குடியேறுகிறது. அங்கே வெள்ளணுக்கள் திரண்டு அழற்சி உண்டாகி நரம்பு கெடுகிறது. கட்டளை வராத தசை தளர்ந்துபோகிறது. விழுங்கிய உணவைக் கழுத்தடியில் தேக்கிவைக்கும் தீனிப்பையும், அதற்கு அடுத்துள்ள, செரிமான நீர் சுரக்கும் சுரப்பி இரைப்பையும் பலூன்போல் உப்பிவிடுகின்றன. உள்ளே போன தானியம் அரைபடாமல் முழுசாக எச்சத்தில் வெளியே வருகிறது. அல்லது தேங்கிப் புளித்து, பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் விருந்தாகிறது. வயிறு நிறையத் தீனி இருக்க, பறவை பட்டினியால் சாகிறது. சில பறவைகளில் குடலுக்குப் பதிலாக மூளை நரம்புகள் முதலில் பாதிக்கப்படும்: தலை நடுங்கும், கிளையைப் பிடிக்கும் கால் தவறும், பார்வை போகும். தொற்றியது முதல் அறிகுறி தெரியும்வரை சில வாரங்களும் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். கூண்டுக் கிளிகளின் நோயாகவே நெடுங்காலம் பேசப்பட்ட இது, பிரேசிலில் சுதந்திரமாகத் திரியும் கிளிகளிடமும் கண்டறியப்பட்டிருக்கிறது.

அடுத்தது சர்க்கோவைரஸ். அலகு-இறகு நோய் என்று பெயர் பெற்றதால் இது குடலையும் தாக்கும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். குஞ்சுகளில் இறகில் எதுவும் தெரிவதற்கு முன்பே தீனிப்பை தேங்கி, வயிற்றுப்போக்கு கண்டு, சில நாட்களில் உயிர் போய்விடும். வளர்ந்த பறவையில் நோய் மெதுவாக நகரும். எதிர்ப்புச் சக்தியை உடைத்து, சாதாரணக் குடல் கிருமிகளுக்கெல்லாம் கதவைத் திறந்துவிடும். உறை இல்லாத மிகச் சிறிய வைரஸ் இது. வெயிலுக்கும் வறட்சிக்கும் லேசில் அழியாது. மரப்பொந்தில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். அழிவின் விளிம்பில் நிற்கும் கிளிகளுக்கு இதனால் வரும் ஆபத்தை உணர்ந்து, 2001-இல் ஆஸ்திரேலியா தன் தேசியச் சூழல் சட்டத்தின்கீழ் இந்த நோயை ‘முக்கிய அச்சுறுத்தல்’ பட்டியலில் சேர்த்தது. மொரீஷியஸ் தீவின் எக்கோ கிளி, அரும்பாடுபட்டு ஒருசில பறவைகளிலிருந்து மீட்டெடுக்கப்பட்ட இனம். அதன் கூட்டத்துக்குள்ளும் இது புகுந்தது.

ஹெர்பிஸ் வகையைச் சேர்ந்த பச்சீகோ நோய் வேறு மாதிரி. காலையில் தின்ற பறவை மாலையில் செத்துக் கிடக்கும். முன்னறிகுறி தெரிந்தால் அது பெரும்பாலும் எச்சத்தில்தான்: வெள்ளையாக இருக்கவேண்டிய பகுதி பளிச்சென்ற மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். ஈரல் சிதைவதன் அடையாளம் அது. பிழைத்த பறவை வாழ்நாள் முழுக்க வைரஸைச் சுமக்கும். சிலவற்றில் பிற்காலத்தில் எச்சத்துவாரத்தின் உட்புறம் மரு வளரும்.

பாலியோமா வைரஸ் பெரும்பாலும் குஞ்சுகளைத் தாக்கும். தீனிப்பை காலியாகாது, தோலடியில் இரத்தக் கன்றல் தெரியும். அடினோ, ரியோ வைரஸ்கள் ஈரலையும் குடலையும் சேர்த்துக் கெடுக்கும். நியூகாசில் நோய் வந்தால் பச்சை நிறக் கழிச்சலோடு மூச்சுத்திணறலும் கழுத்துத் திருகலும் சேர்ந்துவரும். கோழிப் பண்ணைகளைக் காலியாக்கும் நோய் என்பதால் சந்தேகம் வந்த உடனே அரசுக் கால்நடைத் துறைக்குச் சொல்லியாக வேண்டும். 1971-இல் கலிஃபோர்னியாவில் இறக்குமதிக் கிளிகள் வழியாக நுழைந்த இந்த நோயை ஒழிக்க, 1 கோடிக்கும் மேற்பட்ட பறவைகளைக் கொல்லவேண்டி வந்தது.

கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. நோயின் பெயரைத் தேடி நேரத்தைச் செலவிடாதீர்கள். அது ஆய்வகத்தின் வேலை.

பிடிக்கும் முன் பத்து நிமிடம்

பெரும்பாலான நாடுகளில் காட்டுக் கிளியைப் பிடிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் சட்டக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே முதல் தொலைபேசி அழைப்பு வனத்துறைக்கோ உரிமம் பெற்ற மீட்பகத்துக்கோ போகட்டும். அவர்கள் வரும்வரை, அல்லது அவர்கள் உங்களையே பிடிக்கச் சொன்னால் அதற்கு முன், தள்ளி நின்று பாருங்கள். கைபேசியில் காணொளி எடுங்கள். பிடித்த பிறகு பயத்தில் பறவையின் நடத்தையே மாறிவிடும். இந்தப் பத்து நிமிடம் மறுபடி கிடைக்காது.

நலமான கிளி ஓய்வெடுக்கும்போது ஒரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொள்ளும். நோய்ப்பட்டது இரண்டு காலையும் ஊன்றி நிற்கும். மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினால் திணறுகிறது என்று பொருள். தலை இறகு பிசுபிசுத்துத் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தால் அது கக்கியிருக்கிறது. கக்கும்போது தலையை உதறுவதால் தெறித்தது அது. வாலடியில் எச்சம் அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, சுற்றிலும் எண்ணுங்கள்: அதேபோல் தளர்ந்த பறவைகள் எத்தனை, கீழே செத்துக் கிடப்பவை எத்தனை? ஒரே பறவை என்றால் நிதானமாகச் செயல்படலாம். இரண்டு மூன்று நாளில் பல பறவைகள் விழுந்திருந்தால் நஞ்சாகவோ நியூகாசிலாகவோ இருக்கலாம். எதையும் தொடாமல் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுங்கள்.

நன்றாகப் பறக்க முடிகிற பறவையைத் துரத்தாதீர்கள். மிச்சமிருக்கும் சக்தியையும் துரத்தலிலேயே தீர்த்துவிடுவீர்கள்.

கையில் எடுத்தல்

நைட்ரைல் கையுறை, என்95 முகக்கவசம், கண்ணைக் காக்கும் கண்ணாடி மூன்றும் வேண்டும். மேலே சொன்ன வைரஸ்களில் பெரும்பாலானவை மனிதரைத் தொடுவதில்லை என்றாலும், அதே அறிகுறிகளோடு வரும் கிளாமிடியா என்ற பாக்டீரியா தொடும். உலர்ந்த எச்சத் தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரல் காய்ச்சல் வரலாம். தடித்த தோல் கையுறை வேண்டாம். எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பது கைக்குத் தெரியாமல் போய்விடும்.

ஒரு துண்டைப் பின்பக்கமிருந்து போர்த்தி எடுங்கள். கட்டைவிரலும் நடுவிரலும் தாடையின் இரு பக்கமும் இருக்க, தலை அசையாமல் நிற்கும். மார்பை மட்டும் இறுக்கவே கூடாது. பறவைக்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். கடிக்குப் பயந்து உடம்பைச் சேர்த்து இறுக்கிப் பிடித்த கையிலேயே கிளிகள் மூச்சடைத்துச் செத்திருக்கின்றன. புதியவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு இது.

கையில் இருக்கும் ஒரு நிமிடத்தில் இரண்டு இடங்களைத் தடவிப் பாருங்கள். மார்பெலும்பின் இரு பக்கமும் சதை மேடாக இருக்கிறதா, அல்லது எலும்பு கத்தி முனைபோல் துருத்துகிறதா? துருத்தினால் மெலிவு நாள்பட்டது. அடுத்து, கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை. அதிகாலையில் அது காலியாக இருக்கவேண்டும். விடிந்த பிறகும் பிசைந்த மாவுபோல் கொழகொழவென்று நிறைந்திருந்தால், அல்லது வாயிலிருந்து புளித்த வாடை வந்தால், உணவு கீழே இறங்கவில்லை. குறித்துக்கொண்டு பெட்டிக்குள் விட்டுவிடுங்கள். நீண்ட பரிசோதனைக்கு இது நேரமல்ல.

பெட்டியும் சூடும்

அட்டைப்பெட்டியைக் கிளி ஒரு மணி நேரத்தில் கிழித்துவிடும். காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கூடைப்பெட்டி நல்லது, கழுவவும் எளிது. அடியில் வெள்ளைத் தாள் விரியுங்கள். மரத்தூளும் வைக்கோலும் வேண்டாம்; எச்சத்தை மறைக்கும், பூஞ்சையும் பிடிக்கும். உட்கார, சுருட்டிய துண்டு ஒன்று போதும். மேலே துணி போர்த்தி, ஆள் நடமாட்டமில்லாத அறையில் வையுங்கள். அந்த அறையில் வேறு எந்தப் பறவையும் இருக்கக் கூடாது. உங்கள் வீட்டில் வளர்ப்புக் கிளி இருந்தால் அந்த வீட்டுக்கே கொண்டுபோகாதீர்கள்.

கிளியின் உடல் வெப்பம் 40 முதல் 42 டிகிரி செல்சியஸ். நோய்ப்பட்ட சின்ன உடம்பு அந்த வெப்பத்தைக் காப்பதற்கே இருக்கும் கொழுப்பையெல்லாம் எரித்துவிடும். வெளியிலிருந்து சூடு கொடுத்தால் அந்தச் சக்தி மிஞ்சும். பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி இருக்கட்டும். கை வைத்து ஊகிக்காமல், பறவை உட்காரும் உயரத்தில் வெப்பமானி வையுங்கள். சூட்டுப் பட்டையைப் பெட்டியின் பாதி அடிப்பகுதிக்கு மட்டும் கீழே வைத்தால், வேண்டாம் என்னும்போது பறவை மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். இறகு உடம்போடு ஒட்டி, வாய் திறந்து, சிறகை விலக்கி வைத்திருந்தால் சூடு அதிகம். விளக்கு பயன்படுத்துவதாக இருந்தால் டெஃப்லான் பூச்சுள்ள சூட்டு விளக்கைத் தவிருங்கள். அந்தப் பூச்சு சூடேறும்போது வரும் வாயு கண்ணுக்குத் தெரியாது; பறவையின் நுரையீரலைச் சில நிமிடங்களில் நாசமாக்கும். உணவு ஒட்டாத பூச்சுள்ள சமையல் பாத்திரத்தை அருகில் அடுப்பில் வெறுமனே சூடேறவிடுவதற்கும் இது பொருந்தும்.

எச்சத்தைப் படித்தல்

இந்த வேலையில் பாதி, வெள்ளைத் தாளைக் குனிந்து பார்ப்பதுதான். அதைச் சரியாகச் செய்யப் பழகிவிட்டால் மருத்துவருக்கு உங்களைவிடப் பெரிய உதவி யாரும் இல்லை.

கிளியின் ஒரு எச்சத்தில் மூன்று பகுதிகள் இருக்கும். சுருண்டு கிடக்கும் பச்சை அல்லது பழுப்புப் புழுப்போன்றது மலம். அதன்மேல் படிந்த சுண்ணாம்பு போன்ற வெள்ளை, சிறுநீரகத்திலிருந்து வரும் யூரேட். சுற்றிலும் தாளில் ஊறிப் பரவும் தெளிந்த நீர், சிறுநீர். மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் நல்லது. புழுப்போன்ற பகுதி உருவம் இழந்து குழம்பாகிவிட்டால் மட்டுமே அது கழிச்சல். புழு உருண்டையாக நிற்க, சுற்றிலும் பெரிய ஈர வட்டம் மட்டும் இருந்தால் அது சிறுநீர் மிகுதி. குடல் நோயோடு சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘வயிற்றுப்போக்கு’ என்று எழுதிவைப்பது மருத்துவரைத் தவறான பாதையில் அனுப்பும்.

பிடித்த முதல் ஒரு மணி நேரத்து எச்சத்தை நம்பாதீர்கள். பயந்த பறவை தண்ணீராகவே கழியும். தேன் குடிக்கும் லோரி வகைக் கிளிகளின் எச்சம் இயல்பிலேயே நீர்த்தது. பழம் தின்றவற்றுக்கும் அப்படித்தான், சாயமுள்ள பழம் தின்றால் நிறமும் ஏறும். நான்கைந்து மணி நேரத்துக்குப் பிறகு விழுபவற்றை, விழுந்த சூட்டோடு பாருங்கள். காய்ந்தபின் நிறம் மாறிவிடும்.

கொஞ்சமாக, கரும்பச்சையாக, தார்போல் ஒட்டும் எச்சம் பட்டினியின் அடையாளம். உணவு இல்லாமல் பித்தம் மட்டும் வெளியேறுகிறது. யூரேட் மஞ்சள் அல்லது பச்சையாக இருந்தால் ஈரல் சார்ந்த நோய். பறவைகளின் பித்த நிறமி பச்சை என்பதால் ஈரல் கெட்டால் அந்த நிறம் வெள்ளைப் பகுதியில் இறங்கும். எச்சம் கருஞ்சிவப்போ கறுப்போ ஆனால் இரத்தம்.

போர்னாவைரஸ் சந்தேகம் இருந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. மூன்று நான்கு எச்சங்களை ஒரு வெள்ளைத் தட்டில் எடுத்து, இளஞ்சூடான நீர் ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். குச்சியால் மெதுவாகக் கலைத்தால் பச்சை கரைந்துபோகும். அடியில் என்ன தங்குகிறது? சாதாரணமாக மெல்லிய நார்த்தூள் மட்டும். முழுத் தானியமோ, பாதி உடைந்த பருப்போ, தோல் உரித்தும் அரையாத விதையோ தங்கினால் அரைவைப்பையும் அதற்கு முந்திய இரைப்பையும் வேலை செய்யவில்லை. தட்டைப் படம் எடுத்து வையுங்கள். ஆனால் இதை வைத்து மட்டும் வைரஸ் என்று முடிவுகட்ட முடியாது. இரைப்பையில் வளரும் ஒருவகை ஈஸ்ட் பூஞ்சையும் இதே காட்சியைத் தரும். அதற்கு மருந்து உண்டு.

எடைப் பதிவு

1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு போதும். தினமும் ஒரே நேரத்தில், காலையில் தீனிக்கு முன், எடை பாருங்கள். பெட்டியோடு நிறுத்துப் பெட்டியின் எடையைக் கழித்தால் பறவையைத் தொடவே வேண்டாம். 120 கிராம் கிளிக்கு 12 கிராம் குறைவது நமக்கு அற்பம். அதற்கு உடலில் பத்தில் ஒரு பங்கு. அந்த அளவு குறைந்த நாளிலேயே மருத்துவரை அழைக்கவேண்டும். நன்றாகத் தின்கிறது, எடையோ இறங்கிக்கொண்டே போகிறது என்ற இரண்டும் சேர்ந்தால், அந்த ஒரு வரியே போர்னாவைரஸை முதல் சந்தேகமாக்கும்.

பதிவில் தேதி, நேரம், எடை, தின்ற அளவு, எச்சங்களின் எண்ணிக்கையும் தோற்றமும், கக்கியதா, பெட்டியின் வெப்பம் ஆகியவை இருக்கட்டும். கருத்து எழுதவேண்டாம், கண்டதை எழுதுங்கள். ‘சோர்வாக இருந்தது’ என்பதைவிட ‘தட்டை நெருங்கியும் தின்னவில்லை, 40 நிமிடம் கண் மூடியிருந்தது’ என்பது பயன்படும்.

தண்ணீர், தீனி

முதல் இரண்டு மணி நேரம் சூடு மட்டும். உடம்பு குளிர்ந்திருக்கையில் குடல் நகராது. அப்போது உள்ளே போகும் உணவு தீனிப்பையிலேயே புளிக்கும்.

வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவேண்டாம். கிளியின் மூச்சுத் துளை நாக்கின் வேருக்குப் பின்னால், வாயின் நடுவிலேயே திறந்திருக்கிறது. ஊற்றிய நீர் நேராக நுரையீரலுக்குப் போகும். ஆழமில்லாத கிண்ணத்தில் நீர் வையுங்கள். குடிக்கமுடியாத பறவைக்கு மருத்துவர் தோலடியிலோ குழாய் வழியாகவோ திரவம் தருவார். வழக்கமாக ஒரு வேளைக்கு உடல் எடையில் 5 விழுக்காடு அளவு, அதாவது 120 கிராம் பறவைக்கு 6 மில்லி, உடல் சூட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திரவம். குழாய் செலுத்தப் பழகாதவர் அதை நோய்ப்பட்ட பறவையில் முதன்முதலாக முயலக் கூடாது.

தீனியாக அந்த இனம் காட்டில் தின்பதற்கு நெருக்கமானதை வையுங்கள். பால் வேண்டாம், பறவையால் அதைச் செரிக்க முடியாது. ரொட்டியும் அவகாடோவும் கூடாது; அவகாடோ கிளிகளுக்கு நஞ்சு. குடல் நகராத பறவைக்கு முழுத் தானியத்தைவிட ஊறவைத்த மென்மையான தீனி, சிறு சிறு அளவில் பல வேளை, எளிதில் இறங்கும். மனிதருக்கான வயிற்றுப்போக்கு மாத்திரையோ, கையிலிருக்கும் ஆன்டிபயாடிக்கோ தரவேண்டாம். வைரஸுக்கு அது பயனில்லை; ஆய்வக முடிவையும் கெடுக்கும்.

வைரஸ் என்று தோன்றும், ஆனால் வேறு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். குணப்படுத்தக்கூடிய நோயை வைரஸ் என்று எண்ணிக் கைவிட்ட பறவைகள் பல. பழைய பெயின்ட், ஈயத் துண்டு, துத்தநாகம் பூசிய கம்பி ஆகியவற்றைக் கொறித்த கிளிக்குப் பச்சை எச்சம், கக்கல், கால் தளர்ச்சி எல்லாம் வரும், தீனிப்பையும் தேங்கும். ஒரு எக்ஸ்ரேயில் உலோகம் பளிச்சென்று தெரிந்துவிடும், நச்சு முறிவு மருந்தும் இருக்கிறது. கிளாமிடியாவுக்கு மருத்துவர் தரும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் பலன் தரும். வழக்கமான காலம் 45 நாட்கள். லோரிகளிடம் கெட்டுப்போன இனிப்புக் கரைசல் தட்டுகளிலிருந்து கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா தொற்றிக் குடல் அழுகும். சால்மோனெல்லா என்ற பாக்டீரியா, ஜியார்டியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி இரண்டுக்கும் மலத்தை நுண்ணோக்கியிலும் வளர்ப்பூடகத்திலும் பார்க்கவேண்டும்.

மாதிரி எடுத்தலும் முடிவைப் புரிந்துகொள்ளலும்

மாதிரியை மருத்துவரோ பயிற்சி பெற்றவரோ எடுப்பார். உங்கள் வேலை அது கெடாமல் போய்ச் சேரச் செய்வது. துடைப்புக் குச்சி பிளாஸ்டிக் காம்பும் செயற்கை நூல் முனையும் உள்ளதாக இருக்கட்டும். மரக்காம்புக் குச்சியில் உள்ள பொருட்கள், வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையைத் தடுக்கும். எச்சத்துவாரத்திலிருந்து ஒன்று, தொண்டையிலிருந்து ஒன்று, சர்க்கோவைரஸுக்காகப் புதிதாகப் பிடுங்கிய இறகு, கொஞ்சம் இரத்தம் என்று கேட்பார்கள். ஒவ்வொரு குப்பியிலும் பறவையின் எண்ணும் தேதியும் எழுதி, குளிர்ப்பெட்டியில் அனுப்புங்கள். ஒரு பறவைக்கு ஒரு கையுறை. மாற்றாமல் அடுத்ததைத் தொட்டால் இரண்டும் ‘தொற்று உண்டு’ என்று வரும்.

ஒரே ஒரு எதிர்மறை முடிவைக் கொண்டாடாதீர்கள். போர்னாவைரஸ் எச்சத்தில் விட்டுவிட்டுத்தான் வெளிப்படும். இன்றைய மாதிரியில் இல்லாதது அடுத்த வாரம் இருக்கலாம். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் திரும்பப் பாருங்கள். அதுபோல, நேர்மறை முடிவு வந்த பறவை எல்லாமே சாகப்போகும் பறவை அல்ல. சர்க்கோவைரஸ் தொற்றிய, அறிகுறியற்ற பறவை அதை உடலிலிருந்து விரட்டியிருக்கலாம்; 90 நாள் கழித்து மறுபரிசோதனை செய்த பிறகே முடிவெடுப்பது வழக்கம். போர்னாவைரஸ் நோயை உறுதிசெய்ய எக்ஸ்ரேயில் உப்பிய இரைப்பையும், தீனிப்பையின் சுவரிலிருந்து எடுத்த சின்னத் துண்டில் நரம்பு முடிச்சுகளைச் சுற்றிய வெள்ளணுக்களும் உதவும். அந்தத் துண்டில் நரம்பு முடிச்சு அகப்படவில்லை என்றால் முடிவு எதிர்மறையாகவே வரும்.

கிருமிநீக்கம்

எச்சம் காய்ந்த இடத்தைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். முதலில் நீர் தெளித்து ஈரமாக்கி, தாளால் வழித்தெடுங்கள். பிறகு சோப்பு நீரால் கழுவுங்கள். கிருமிநாசினி அதற்குப் பிறகுதான். அழுக்கின்மேல் ஊற்றிய பிளீச் அழுக்கோடே வினைபுரிந்து செத்துவிடும். வைரஸ் அடியில் பத்திரமாக இருக்கும். புதியவர்களின் கிருமிநீக்கம் தோற்பது பெரும்பாலும் இந்த வரிசை மாறுவதால்தான்.

போர்னாவும் ஹெர்பிஸும் கொழுப்பு உறை போர்த்தியவை, சோப்புக்கே உடையும். சர்க்கோ, பாலியோமா, அடினோ ஆகியவற்றுக்கு உறை இல்லை. ஆல்கஹாலும் சாதாரணத் தரைக் கழுவியும் அவற்றிடம் தோற்றுப்போகும். எது என்று தெரியாத நாளில் கடினமானதை மனத்தில் வைத்தே செய்யுங்கள். 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள பிளீச் திரவம் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு, அன்றன்று கலக்கவேண்டும், மேற்பரப்பு குறைந்தது 10 நிமிடம் ஈரமாகவே இருக்கவேண்டும். அல்லது பெராக்ஸிமோனோசல்ஃபேட் வகைக் கிருமிநாசினித் தூளின் 1 விழுக்காடு கரைசல். பறவை அறையில் இல்லாதபோது மட்டும் செய்து, நன்றாக அலசி, வாசனை போகும்வரை காயவிடுங்கள். அமிலத்தோடோ அமோனியாவோடோ பிளீச்சைக் கலக்கவே கூடாது. மரத்தாலான கிளையையும் கயிற்றையும் சுத்தம் செய்யப் பார்க்காமல் எரித்துவிடுங்கள்.

நலமான பறவைகளை முதலிலும் நோயாளியைக் கடைசியிலும் கவனியுங்கள். நோயாளி அறைக்குத் தனிச் செருப்பு, தனி மேலாடை, தனித் தட்டு. நிர்வாக விதிபோலத் தோன்றும் இதைத் தொடர்ந்து கடைப்பிடிக்கும் மீட்பகங்களில்தான் நோய் ஒரே அறையோடு நிற்கிறது.

கூட்டத்துக்காகச் செய்யவேண்டியது

நோய்ப்பட்ட பறவை வந்துபோன தீனித்தட்டை அன்றே இறக்கிவிடுங்கள். காட்டில் சிதறி மேயும் கிளிகள் தட்டில் தோளோடு தோள் உரசி, ஒன்றின் எச்சத்தின்மேல் மற்றொன்று தின்கின்றன. தட்டை எடுத்தால் கிளிகள் பட்டினி கிடக்குமோ என்ற தவிப்பு இயல்பு. சிறகுள்ள பறவை வேறு இடம் தேடிக்கொள்ளும். குறைந்தது இரண்டு வாரம், புதிய நோயாளி யாரும் தென்படாத நிலை வரும்வரை, வைக்கவேண்டாம். மறுபடி வைத்தால் தட்டையான பலகையைத் தவிர்த்து, எச்சம் விழாத குழாய் வடிவத்தில், சிந்தியதைத் தினமும் அகற்றும் உறுதியோடு வையுங்கள். செயற்கைக் கூட்டுப்பெட்டிகள் இருந்தால் ஒவ்வொரு இனப்பெருக்கப் பருவம் முடிந்ததும் உள்ளே உள்ள தூளை அகற்றிக் கழுவுங்கள். சர்க்கோவைரஸ் அந்தத் தூள் வழியாகவும் தலைமுறை தாண்டும்.

பறவை இறந்துவிட்டால்

துக்கத்தில் உடனே புதைத்துவிடாதீர்கள்; அந்த உடல் கூட்டத்துக்கே பதில் வைத்திருக்கிறது. இறகைச் சோப்புநீரில் நனைத்துவிடுங்கள். தூசி அடங்கும், உடல் சீக்கிரம் குளிரும். இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டு, கண்டெடுத்த இடம், தேதி எழுதி, 4 டிகிரியில் வையுங்கள். உணவு இருக்கும் குளிர்பதனப் பெட்டி வேண்டாம். உறையவைத்தால் பனிப்படிகம் திசுவைக் கிழித்துவிடும், நரம்பு முடிச்சுகளை நுண்ணோக்கியில் பார்க்கமுடியாது. இரண்டு நாளுக்குள் ஆய்வகம் போக வழியே இல்லை என்றால் மட்டும் உறையவையுங்கள், பிசிஆருக்காவது உதவும்.

விடுவிப்பதா

தேறிய கிளி பெட்டிக் கதவைக் கொறித்துக்கொண்டு கத்தும்போது, பறக்கவிட்டுவிடலாம் என்று மனம் துடிக்கும். அதற்கு முன் இவை நிறைவேறியிருக்கவேண்டும்: எடை குறைந்தது இரண்டு வாரம் நிலையாக இருக்கிறது; எச்சத்தில் முழுத் தானியம் இல்லை; பெரிய பறவையகத்தில் மூச்சிரைக்காமல் பலமுறை பறக்கிறது; இடைவெளி விட்டு எடுத்த பரிசோதனைகள் எதிர்மறை. வைரஸைத் தொடர்ந்து வெளியேற்றும் பறவையை, பார்வைக்கு எவ்வளவு நலமாக இருந்தாலும், கூட்டத்துக்குள் விடக் கூடாது. அதே நோயுள்ள பறவைகளுக்கான தனிப் பராமரிப்பு இடம் சில மீட்பகங்களில் உண்டு; அதுவும் இல்லாமல், குடலும் மீளாமல் போனால், வலியின்றி உறங்கவைப்பது பற்றி மருத்துவர் பேசுவார். அந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள். நிறைந்த தீனிப்பையோடு பசியில் கழியும் ஒவ்வொரு நாளும் அந்தப் பறவைக்கு நீண்ட நாள்.

விடுவிப்பது என்று முடிவானால், பிடித்த அதே இடத்தில், அதே கூட்டம் மேயும் நேரத்தில், காலையில் விடுங்கள். பகல் முழுதும் இரை தேடிப் பழக அதற்கு நேரம் கிடைக்கும். அனுமதி இருந்தால் காலில் வளையம் போடுங்கள். அடுத்த நான்கு வாரம் அந்தக் கூட்டத்தைப் போய்ப் பாருங்கள். முதல் நாள் செய்ததைப்போலவே, தள்ளி நின்று, ஒற்றைக்காலில் நிற்பவை எத்தனை, இரண்டு காலில் நிற்பவை எத்தனை என்று எண்ணி எழுதிவையுங்கள்.